கிடைத்த விசாவும் கிளம்பாத குடும்பமும்

புனே வட்டார பாஸ்போர்ட் அலுவலகம் பாணேர்–பாஷாண் இணைப்புச் சாலையில் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் இந்த நகரத்தில் வெளிநாட்டு யோசனை அதிகமாகக் குடியிருக்கும் பகுதி எது என்று கேட்டால் அந்தச் சாலையைச் சுற்றித்தான் காட்ட வேண்டியிருக்கும். முந்தைய தலைமுறைத் தமிழர்கள் ராஸ்தா பேட்டையிலும், கட்கியில் ராணுவத் தொழிற்சாலையை ஒட்டியும் வாழ்ந்தார்கள். ஹிஞ்சவடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வளர்ந்த பிறகு வந்தவர்கள் பாணேர், பாலேவாடி, வாக்கட் என்று நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஃபிளாட் வாங்கினார்கள். இவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு முறை ஊரை விட்டுக் கிளம்பியவர்கள்: திருச்சியிலிருந்தோ நெல்லையிலிருந்தோ சென்னை, பெங்களூரு வழியாக இங்கே வந்து சேர்ந்தவர்கள். இரண்டாவது முறை கிளம்புவதற்கான தாள் கைக்கு வரும்போது அந்தப் பழைய வேகம் இருப்பதில்லை.

விசா வந்த வாரமே கணக்குத் தொடங்கிவிடும். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கம்பெனியில் நோட்டீஸ் காலம் மூன்று மாதம். ஃபிளாட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று முடிவாகவில்லை. ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ‘விசா வந்துடுச்சு, ஆனா இப்ப போக முடியாது, எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம்?’

ஏஜெண்டுகள் இதற்கு மாதக் கணக்கில் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பதில் பெரும்பாலும் பாதிதான் சரி. எத்தனை மாதம் என்பதைவிட, எந்தக் கட்டத்தில் தள்ளிப்போடுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். விசா நேர்காணலுக்கு முன்பே நிறுத்தி வைக்கலாம். விசா வாங்கிக்கொண்டு அது காலாவதியாகும் நாள்வரை இங்கேயே இருக்கலாம். அல்லது போய் இறங்கி, பெயரைப் பதிந்துகொண்டு, திரும்பி வந்து பழைய வாழ்க்கையைத் தொடரலாம். பாணேர் வரவேற்பறைகளில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பித்தான் பேசுகிறார்கள். சட்டம் மூன்றையும் வேறுவேறாகப் பார்க்கிறது. அதுவும் நாட்டுக்கு நாடு வேறுவேறாக.

நடுவில் இருக்கும் காலம்

இந்த மூன்றில் மிக ஆபத்தானது நடுவில் உள்ளது. விசா கிடைத்தவர் தன்னை ஏற்கெனவே குடியேறியவராக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் விமான நிலையத்தில் அதிகாரி உள்ளே அனுமதிக்கும் நிமிடம் வரை அவருக்கு அந்த நாட்டில் வசிக்கும் உரிமை எதுவும் பிறக்கவில்லை. அதுவரை அது அரசு கொடுத்த வாய்ப்பு. அரசே திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடியது.

2017 ஜனவரி 27 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ஆணையால் ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் வருவது தடைபட்டது. அறுபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான விசாக்கள் தற்காலிகமாகச் செல்லாதவை ஆயின என்று வெளியுறவுத் துறையே சொன்னது. அதே நாடுகளைச் சேர்ந்த கிரீன் கார்டுக்காரர்களுக்கும் முதல் சில நாட்கள் தொல்லைதான்; ஆனால் ஒரு வாரத்துக்குள் அவர்களுக்கு விலக்கு வந்துவிட்டது. குடியேற்ற விசா வைத்திருந்தவருக்கும் கார்டு வைத்திருந்தவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரே ஒரு விமானப் பயணம்தான்.

அந்த ஏழு நாடுகளில் இந்தியா இல்லை என்று நாம் அப்போது அதைச் செய்தியாகப் படித்துவிட்டு விட்டோம். மூன்றே ஆண்டில் நம் பக்கமும் வந்தது. 2020 மார்ச் 23 முதல் இந்தியாவிலிருந்து பன்னாட்டு விமானங்கள் நின்றன. தூதரகங்கள் மூடின. ஏப்ரல் 22 அன்று பிறந்த அமெரிக்க ஆணை புதிய குடியேற்றத்தை நிறுத்தியது. அமெரிக்கக் குடிமக்களின் கணவன், மனைவி, சிறு பிள்ளைகளுக்கு விலக்கு கிடைத்தது. பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் கிடைக்கவில்லை. ஆணை அமலான நாளில் செல்லுபடியாகும் விசா வைத்திருந்தவர்களை அது தடுக்கவில்லை. ஆனால் ஏறுவதற்கு விமானம் இல்லை. வந்தே பாரத் விமானங்கள் மே மாதம்தான் தொடங்கின. அதற்குள் விசாத் தேதி முடிந்தவர்கள் மறுபடி தூதரகத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. ஆணை ரத்தானது 2021 பிப்ரவரி 24 அன்று.

கனடாவில் இன்னும் விசித்திரம். 2020 மார்ச் 18 அன்றோ அதற்கு முன்போ ஒப்புதல் பெற்றவர்களுக்குப் பயணத் தடையிலிருந்து விலக்கு. மறுநாள் பெற்றவருக்கு இல்லை. தடை நீங்கியது 2021 ஜூன் 21 அன்று. அப்போதும் இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை; ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் 26 வரை கனடா அதை நிறுத்தி வைத்திருந்தது. மூன்றாவது நாடு ஒன்றில் இறங்கி, அங்கே கொரோனா பரிசோதனை செய்துகொண்டு போக வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவோ 2021 மே 3 முதல் 15 வரை, இந்தியாவில் இருந்துவிட்டு வரும் தன் சொந்தக் குடிமக்களையே தடுத்தது. மீறினால் 66,600 ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் அல்லது ஐந்தாண்டுச் சிறை என்று அறிவித்தது.

இந்தக் கட்டத்தில் குடும்பமும் மாறிக்கொண்டிருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். அமெரிக்கக் குடிமகன் அல்லாத, கிரீன் கார்டு மட்டும் உள்ள தந்தையின் மனுவில் விசா பெற்ற மகன், விமானம் ஏறுமுன் கல்யாணம் செய்துகொண்டால் விசா போயிற்று. ஊரில் நிச்சயம் பண்ணி, முகூர்த்தம் குறித்து, ‘கல்யாணத்தை முடித்துவிட்டே போகட்டும்’ என்று பெரியவர்கள் சொல்லும் வழக்கம் இந்த இடத்தில் நேரடியாகச் சட்டத்தோடு மோதுகிறது. கனடாவில் இதற்கு வேறு தண்டனை. தரையிறங்குவதற்கு முன் நடந்த திருமணத்தையோ பிறந்த குழந்தையையோ சொல்லாமல் இறங்கினால், விடுபட்டவரைப் பின்னால் ஸ்பான்சர் செய்து அழைப்பதற்கே தடை வரலாம். குழந்தை விஷயத்தில் மட்டும் அமெரிக்கச் சட்டம் எதிர்பாராத இரக்கம் காட்டுகிறது: பெற்றோருக்குக் குடியேற்ற விசா வழங்கிய பிறகு பிறக்கும் குழந்தை, அந்த விசா காலாவதியாகும் முன் பெற்றோருடன் போனால், தனி விசா இல்லாமலே உள்ளே போகலாம்.

ஆறு மாதம் என்று சொல்லப்படுவது

அமெரிக்கக் குடியேற்ற விசாவின் ஆயுள் அதிகபட்சம் ஆறு மாதம். ஆனால் அது மருத்துவப் பரிசோதனையின் ஆயுளைத் தாண்ட முடியாது. அதற்கும் பொதுவாக ஆறு மாதம்தான். ஆகவே நேர்காணலுக்கு இரண்டு மாதம் முன்பே பரிசோதனையை முடித்துக்கொண்ட சுறுசுறுப்பானவருக்கு நான்கு மாத விசாதான் கிடைக்கும். இந்தியர்களுக்கான குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பை பாந்திரா–குர்லா வளாகத்தில் நடக்கிறது. பாணேரிலிருந்து எக்ஸ்பிரஸ்வேயில் ஒரே காலையில் போய்விடலாம் என்பதால், சென்னைக்காரரைப்போல எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடிக்க வேண்டிய கட்டாயம் புனேக்காரருக்கு இல்லை. பரிசோதனையை நேர்காணலுக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டால் விசாவில் சில வாரங்கள் மிஞ்சும்.

இந்த விசாவை நீட்டிக்க முடியாது. தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் போக முடியாதவர் புதிதாகக் கட்டணம் கட்டி மறு விசா கேட்கலாம். பிள்ளையின் பரீட்சையும் விலை போகாத ஃபிளாட்டும் அந்தக் காரணத்தில் அடங்குமென்று நம்பி இருக்காதீர்கள்.

கனடாவின் தரையிறங்கும் தாளான சிஓபிஆரில் அச்சிட்டிருக்கும் தேதி, மருத்துவப் பரிசோதனையின் ஓராண்டு ஆயுள், பாஸ்போர்ட்டின் ஆயுள் இரண்டில் எது முந்தி முடிகிறதோ அது. பாஸ்போர்ட்டில் எட்டு மாதம்தான் பாக்கி என்றால் தாளுக்கும் எட்டே மாதம். விண்ணப்பம் போடுவதற்கு முன் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அவசரம் இது. தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டோடு பலர் காலம் தள்ளுகிறோம். அமெரிக்க விசாவில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது ‘முதல் பெயர் தெரியாது’, என்று அச்சாகி வரும். புதுப்பிக்கும்போது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்துப் போட்டால் பழைய சான்றிதழ்களோடு பெயர் பொருந்தாது. எந்த வழியானாலும் சரி, அதை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். விசாவுக்கும் பயணத்துக்கும் நடுவில் பெயரில் கை வைக்கக் கூடாது.

மூன்று நாடு, மூன்று அளவுகோல்

‘சாஃப்ட் லேண்டிங்’ என்ற சொல் ஹிஞ்சவடி கேன்டீன்களில் புழங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. குடும்பத்தோடு போய் ஒன்றிரண்டு வாரம் தங்கி, பதிவுகளை முடித்து, நயாகராவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. 2015-இல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வந்தபின் கனடா வழி இந்திய நகரங்களில் எவ்வளவு பரவியது என்பதை ஓர் எண்ணிக்கை சொல்லும்: 2022-இல் கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்ற 4.37 லட்சம் பேரில் ஏறத்தாழ 1.18 லட்சம் பேர் இந்தியர்கள். சாஃப்ட் லேண்டிங் என்ற வழக்கமே கனடாச் சட்டத்தின் இயல்பிலிருந்து வந்தது என்பேன். அந்தச் சட்டம் எண்ணுவது நாட்களை. ஐந்து ஆண்டில் 730 நாள் கனடாவில் இருந்தால் போதும். தரையிறங்கியவர் அடுத்த மூன்று ஆண்டும் பாணேரில் இருந்துவிட்டு, மீதி இரண்டு ஆண்டை அங்கே முழுதாகக் கழித்தால் சட்டத்துக்குக் குறையில்லை. புனேயில் சொந்த வீடு இருக்கிறதா, குழந்தை இங்கே படிக்கிறதா, சம்பளம் எந்த நாட்டில் வருகிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. இறங்கியதாலேயே கனடா வருமான வரிக்கு உட்பட்டவராகவும் ஆகிவிடுவதில்லை. அங்கே வீடும் துணையும் பொருளும் சேர்ந்து வாழ்க்கை வேர்விடும்போதுதான் வரி தொடங்குகிறது.

அதனால் கனடாவுக்கு, முதலில் இறங்கு, பிறகு நிதானமாக மாறு என்பது நல்ல வழி. நடைமுறையில் சில இடறல்கள் உண்டு. பிஆர் கார்டு கனடா முகவரிக்குத்தான் வரும். 180 நாளுக்குள் முகவரி தராவிட்டால் மறுபடி விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். கார்டு இல்லாமல் திரும்புபவர் விமானம் ஏறுவதற்குத் தனிப் பயண ஆவணம் வாங்க வேண்டும். குடும்பத்தில் முதன்மை விண்ணப்பதாரர் முன்னதாகவோ கூடவோ இறங்க வேண்டும். மனைவியையும் பிள்ளைகளையும் முதலில் அனுப்பிவிட்டு அவர் ப்ராஜெக்டை முடித்துவிட்டு வருவதாகச் சொல்ல முடியாது. பின்னால் கொண்டுவரப் போகும் பொருள்களின் பட்டியலை முதல் நுழைவிலேயே சுங்கத்தில் கொடுக்க வேண்டும். நகையும் அதில் சேரும். முதல் பயணத்தில் தாலிக்கொடியோடு இறங்கிவிட்டு, இரண்டு வருடம் கழித்து லாக்கரில் இருந்த மீதியை எடுத்துப்போகும் குடும்பம், அந்த நகையின் விவரத்தையும் படத்தையும் முதல் நாளே பதிந்திருந்தால் வரிப் பேச்சு எழாது.

ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டு சும்மா இருக்கலாம் என்ற வசதியே பலரை ஏமாற்றிவிடுகிறது என்பதும் உண்மை. மூன்றாம் ஆண்டு முடிவில் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பான், சம்பளம் கூடியிருக்கும், நாற்பத்தைந்து வயதில் டொரோண்டோவில் புதிதாக வேலை தேடும் துணிச்சல் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் போகாமல் விட்டுவிடுவதும் தவறான முடிவல்ல. ஆனால் அதை முடிவாக எடுத்தவர்கள் குறைவு. தேதி கடந்த பின்புதான் தெரிகிறது, முடிவு எடுத்தாயிற்று என்று.

ஆஸ்திரேலியாவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 189, 190 வகை விசாக்களில் முதல் நுழைவுக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. கவனிக்க வேண்டியது இன்னொன்று: போய்வரும் உரிமைக்கான ஐந்து ஆண்டு, இறங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, விசா வழங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. முதல் நுழைவை மட்டும் முடித்துவிட்டு, நான்கு ஆண்டு தள்ளிப்போட்டுக் குடியேறுபவருக்கு அந்த உரிமையில் ஓர் ஆண்டுதான் பாக்கி. உள்ளே இருக்கும்வரை கவலை இல்லை. ஐந்து ஆண்டு முடிந்தபின் வெளியே வந்தால் திரும்ப நுழைய மறுவருகை விசா வேண்டும், அதை முழு ஐந்தாண்டுக்கும் பெற முந்தைய ஐந்தில் இரண்டாண்டு அங்கே இருந்திருக்க வேண்டும். நியூசிலாந்து இன்னும் கறார்: நிரந்தர விசா பெற, நாட்களைக் கணக்குக் காட்டும் வழியில் போகிறவர், இரண்டு ஆண்டில் ஒவ்வொன்றிலும் 184 நாள் அங்கே இருந்தாக வேண்டும்.

அமெரிக்கா நாட்களை எண்ணுவதுபோலத் தோன்றும்; உண்மையில் எண்ணத்தை எடைபோடுகிறது. 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தவரைப் புதிதாக அனுமதி கேட்பவராக நடத்தலாம். ஓராண்டுக்கு மேல் போனால் கிரீன் கார்டு நுழைவு ஆவணமாகச் செல்லாது. இந்த இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டிவிட்டு வந்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடையே ஊறிப் போயிருக்கிறது. அது தவறு என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1975-லேயே கேன் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்குக்குரிய பெண் ஜமைக்காவில் விடுதி நடத்திக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு மாதம் அமெரிக்கா வந்துபோனார். வாரியம் கேட்ட கேள்வி எளியது: நீ வெளிநாட்டுக்குத் தற்காலிகமாகப் போய்த் திரும்புகிறாயா, அல்லது அமெரிக்காவுக்குத் தற்காலிகமாக வந்து போகிறாயா? 1988-இல் ஹுவாங் வழக்கில், கணவரின் வேலைக்காக ஜப்பானில் தங்கி அவ்வப்போது அமெரிக்கா வந்துபோன குடும்பத்துக்கும் சாதகமான தீர்ப்பு கிடைக்கவில்லை. பெற்றோர் கைவிட்டதாகத் தீர்ந்தால் சிறு பிள்ளைகளும் கைவிட்டதாகவே ஆகும்.

பயணம் எதற்காக, எப்போது முடியும், வீடும் வேலையும் எங்கே என்று பார்ப்பார்கள். கனடாவுக்குப் பொருட்டே இல்லாத பாணேர் ஃபிளாட், ஹிஞ்சவடிச் சம்பளம், பிள்ளையின் பள்ளி எல்லாம் அமெரிக்க அதிகாரியின் முன்னால் உங்களுக்கு எதிரான சாட்சிகளாக மாறுகின்றன. இரண்டு நாட்டுக்கும் ஒரே யோசனையைச் சொல்லும் ஏஜெண்டிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இதற்குச் சட்டமே தரும் ஒரு வழி மறுநுழைவு அனுமதி. ஐ-131 படிவத்தில், அமெரிக்காவுக்குள் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். பாணேரில் உட்கார்ந்து அனுப்ப முடியாது. கைரேகைப் பதிவு முடிந்ததும் கிளம்பிவிடலாம். இரண்டு ஆண்டு செல்லும். நீட்டிப்பு கிடையாது, மறுபடி போய்ப் புதிதாகக் கேட்க வேண்டும். இதை வாங்கியவர் நீண்ட நாள் வெளியே இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் கைவிட்டவராகக் கருத மாட்டார்கள். ஆனால் குடியுரிமைக்குத் தேவையான ஐந்தாண்டுத் தொடர் வசிப்பை இது காப்பாற்றாது. ஓராண்டு இடைவெளி விழுந்தால் அந்தக் கணக்கு அறுந்துவிடும்.

வரியும் இறங்கிய நாளிலேயே தொடங்குகிறது. கிரீன் கார்டுக்காரராக முதல் நாள் உள்ளே கால் வைத்தவர், பிறகு புனேக்குத் திரும்பி முழு ஆண்டும் இங்கே இருந்தாலும், உலகம் முழுவதிலுமிருந்து வரும் வருமானத்தை அமெரிக்காவுக்குச் சொல்ல வேண்டும். இந்திய வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து எந்த ஒரு நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனி அறிக்கை. மாதாமாதம் எஸ்ஐபி போட்டுவரும் மியூச்சுவல் ஃபண்டுகளை அந்த நாட்டு வரிச்சட்டம் மிகக் கடுமையாக நடத்துகிறது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனிப் படிவம் நிரப்ப வேண்டி வரலாம். இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் காட்டி ‘நான் அங்கே வசிக்கவில்லை’ என்று வரிப் படிவத்தில் எழுதித் தப்பிக்கலாம் என்பார்கள். எழுதலாம், அந்த வாசகமே நாளை குடியேற்ற அதிகாரிக்கு வேண்டிய வாக்குமூலமாக இருக்கும். ஃபண்டுகளை என்ன செய்வது என்பதை மும்பை நேர்காணலுக்கு முன் யோசிக்க வேண்டும், நியூவர்க்கில் இறங்கிய பின் அல்ல.

ஃபிளாட்டும் அப்படித்தான். இந்தியாவில் வசிப்பவர் என்ற நிலையில் விற்றால், ஐம்பது லட்சத்தைத் தொடும் விலைக்கு வாங்குபவர் பிடிக்கும் வரி 1 சதவீதம். வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டு விற்றால், நீண்டகால மூலதன ஆதாயத்துக்கான 12.5 சதவீதமும் அதன்மேல் கூடுதல் வரிகளும் பிடித்தம் ஆகும்; குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் முன்கூட்டியே வாங்காவிட்டால் வாங்குபவர் முழு விலையின் மீதே பிடிப்பார். திரும்பப் பெறலாம், ஆனால் கணக்குத் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். விற்பதென்று முடிவுசெய்தவர் அதற்காக நான்கு மாதம் தள்ளிப்போட்டால் நியாயம் உண்டு. விற்பதா வேண்டாமா என்றே தெரியாமல் தள்ளிப்போடுவது வேறு.

தள்ளிப்போட நல்ல இடம்

அமெரிக்கா போகிறவர்களுக்கு என் பரிந்துரை விசாவுக்கு முந்தைய கட்டம். மனு ஒப்புதலாகி, தேசிய விசா மையத்தில் கோப்பு இருக்கும்போது காத்திருப்பது மலிவு. விசா எண் தயார் என்று அறிவித்த பின் ஓராண்டு எதுவுமே செய்யாமல் இருந்தால் பதிவு ரத்தாகும்; ஆனால் ஆண்டுக்குள் ஒருமுறை மையத்தைத் தொடர்புகொண்டாலோ கட்டணம், படிவம் என்று ஏதாவது ஒன்றை நகர்த்தினாலோ கோப்பு உயிரோடு இருக்கும். தந்தையின் சிகிச்சை முடியட்டும், மகளின் தேர்வு முடியட்டும் என்று காத்திருப்பவர் இங்கே காத்திருக்கலாம். மருத்துவப் பரிசோதனையும் ஓடாது, வரியும் ஓடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதுவும் பலருக்குப் பொருந்துவது. அண்ணனோ அக்காவோ அமெரிக்கக் குடிமகனாகி மனுப்போட்ட எஃப்4 வகையில், 2025-இல் இந்தியர்களுக்கு 2006-இல் போட்ட மனுக்கள்தான் முறைக்கு வந்திருந்தன. மனுப்போட்டபோது எல்கேஜியில் இருந்த பிள்ளை இப்போது இருபத்தொன்றைத் தாண்டி நிற்கிறது. பிள்ளைகளின் வயதைக் காக்கும் சட்டம், மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை மட்டும் வயதிலிருந்து கழிக்கும். அந்தச் சலுகையையும் பெற, விசா எண் தயாரான ஓராண்டுக்குள் பிள்ளை தன் பங்குக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். இருபதை ஒட்டிய பிள்ளை உள்ள வீட்டில் ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்பது அந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போவதாக முடியும்.

தமிழர் வரலாற்றில் பெரிய அளவில் நடந்த தள்ளிப்போடல் இலங்கை மலையகத்தில்தான். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் பிரித்தது, மிஞ்சிய 1.5 லட்சத்தை 1974-இல் இரண்டு நாடும் சரிபாதியாகப் பங்கிட்டன. இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வந்த பின்னும் தோட்டத்திலேயே தங்கியவர்கள் ஏராளம். சேமலாப நிதி வரவேண்டும், பாதிக் குடும்பம் இலங்கைக் குடியுரிமைக்கு மனுச் செய்திருந்தது, போகும் இடத்தில் யாரும் இல்லை. 1984-இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றது. போகாமல் இருந்தவர்கள் போக முடியாதவர்கள் ஆனார்கள். 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம்தான், இந்தியப் பாஸ்போர்ட் பெற்றும் அங்கேயே வாழ்ந்தவர்களையும் சேர்த்துக் குடியுரிமை கொடுத்தது. அங்கே போகச் சொன்னவை அரசுகள், பாணேரில் போகிறேன் என்பது குடும்பமே; இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனால் கிடைத்த தாளுக்கும் கப்பலுக்கும் நடுவில் இருபது ஆண்டு வாழ்ந்துவிட முடியும் என்பதற்கும், அந்த இருபது ஆண்டில் எந்த உரிமையும் உறுதியில்லை என்பதற்கும் இதைவிடத் தெளிவான ஆதாரம் நம்மிடம் இல்லை.

கார்டு வைத்திருக்கும் பெற்றோர்

கடைசியாக, இளைய குடும்பங்களைவிட அதிகமாகத் தள்ளிப்போடுகிறவர்கள்: அமெரிக்கக் குடிமக்களான பிள்ளைகள் மனுப்போட்டுக் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்த அம்மா அப்பாக்கள். பெற்றோர் வகைக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லாததால் விசா விரைவில் வந்துவிடும், மனம் வருவதில்லை. குளிர்காலத்தில் இங்கே, கோடையில் அங்கே, பேரன் பிறந்தால் கூடுதலாக இரண்டு மாதம். பிள்ளைகள் இதை வசதியாக நினைத்துச் செய்கிறார்கள். டூரிஸ்ட் விசாவுக்கு ஒவ்வொரு முறையும் ஆறு மாத வரம்பு இருக்கிறதே, கார்டு இருந்தால் தொல்லையில்லை என்று. நடப்பது தலைகீழ். டூரிஸ்ட் விசாக்காரர் ஊருக்குத் திரும்புவார் என்பதுதான் அந்த விசாவின் அடிப்படை. கார்டுக்காரர் ஊருக்கே திரும்பித் திரும்பிப் போவது அவர் மீதான குற்றச்சாட்டு. வந்துபோவதற்கு மட்டும் என்றால் பத்தாண்டு டூரிஸ்ட் விசாவே பெற்றோருக்குப் போதும். ஏற்கெனவே கார்டு வாங்கியாயிற்று, ஆனால் அங்கே வாழ எண்ணமில்லை என்றால், தாங்களாகவே அதை ஒப்படைத்துவிட்டு டூரிஸ்ட் விசா கேட்பது நேர்மையான வழி. உண்மையிலேயே குடியேற எண்ணமிருந்து, இங்கே ஒரு காரியம் முடியாமல் நிற்கிறது என்றால் மறுநுழைவு அனுமதி வாங்கி, வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்து வரவேண்டும்.

2025-இல் அமெரிக்க விமான நிலையங்களில், நீண்ட நாள் கழித்துத் திரும்பிய வயதான இந்தியக் கிரீன் கார்டுக்காரர்களிடம் ஐ-407 படிவத்தில் கையெழுத்து வாங்க அதிகாரிகள் வற்புறுத்துவதாகச் செய்திகள் வந்தன. அது கார்டைத் தானாக முன்வந்து கைவிடும் படிவம். இரவு முழுக்க விமானத்தில் வந்த எழுபது வயது அம்மா, ஆங்கிலத்தில் நீட்டப்படும் தாள் எதுவானாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். அப்படிப் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மறுத்தால் அவரைக் குடியேற்ற நீதிபதியின் முன் அனுப்ப வேண்டும்; கைவிட்டதாக நிரூபிக்கும் பொறுப்பு அங்கே அரசுடையது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கார்டு இருந்தால், அடுத்த டிக்கெட் போடுவதற்கு முன் இதை அவர்களிடம் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள்: புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், நீதிபதி விசாரணையைக் கேளுங்கள்.